நிறையைப் பற்றி டொக்டர் எப்படிப் பேசலாம்?

கொழும்பு வெள்ளவத்தையில் அடுத்தவர் உடம்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதவர் கிடையாது. கலியாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவர் சொல்வார், மாடிவீட்டு லிப்டுக்குள் கூட ஏறும் அன்ரி சொல்வார். ரொறொன்ரோவிலிருந்து வீடியோவில் வரும் சித்தி, சுகம் விசாரிக்கும் முன்பே "என்ன, நல்லா வைச்சிட்டாய்" என்பார். முறையாகச் சொல்ல வேண்டிய டொக்டர் மட்டும் கடைசியில்தான் வாய் திறக்கிறார். மருந்துத் துண்டை எழுதி முடித்து, அடுத்த ஆளுக்கு மணியும் அடித்த பிறகு, "நிறையையும் கொஞ்சம் குறைக்கப் பாருங்கோ." நோயாளி "ஓம் டொக்டர்" என்று எழும்பிப் போவார். மூன்று மாதம் கழித்து இருவரும் அதையே திரும்பச் சொல்வார்கள்.

இந்த ஒற்றை வரியால் மெலிந்தவர் மிகச் சிலரே. எப்படிப் பேசினால் பலன் உண்டு என்பதை உலகத்தின் பல மூலைகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அளவைகள் கொழும்பின் டிஸ்பென்சரிக்கும் கிளினிக்குக்கும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இங்கே கேள்வி.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்ப்போம். 2005-06இல் பிரசாத் கட்டுலந்தவும் சகாக்களும் இலங்கையில் ஏறத்தாழ 5,000 பேரிடம் நடத்திய ஆய்வில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. 2019இல் வெளிவந்த கொழும்பு நகர ஆய்வொன்றில் அது நால்வரில் ஒருவர் என்ற கணக்கையும் தாண்டியிருந்தது. 2015 அளவில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, வளர்ந்தவர்களில் பத்துக்கு மூவர் அளவுக்கு மிஞ்சிய நிறையோடு இருந்தார்கள். பெண்களில் அந்தப் பங்கு இன்னும் கூட. பெரியாஸ்பத்திரிக் கிளினிக் வாங்குகளிலும் களுபோவில ஆஸ்பத்திரி வரிசைகளிலும் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே காணலாம்.

ஆனால் கண்ணை நம்பித்தான் நாம் கெட்டுப்போகிறோம். உடற்றிணிவுச் சுட்டி 25க்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்ற கணக்கு ஐரோப்பிய உடம்புகளைப் பார்த்துப் போட்டது. ஆசியர்களுக்கு 23இலேயே கவனம் வேண்டும், 27.5இல் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. அதே ஆண்டு லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜோன் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் சுட்டி ஒன்றுதான், 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். நமது ஆட்கள் கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்னே வந்து நிற்பதன் பொருள் இதுதான். அதனால் கொழும்பு டொக்டரின் மேசையில் தராசைவிட முக்கியமாக இருக்க வேண்டியது தையற்காரரின் அளவு நாடா. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80உம் எல்லை. "என்னை யாரும் குண்டென்று சொல்றேல்லையே" என்று கேட்கும் மெலிந்த வங்கி உத்தியோகத்தருக்கு அந்த நாடாதான் பதில் சொல்லும். சேலைக்கு மேலாலும் பெல்ட்டுக்கு மேலாலும் அளப்பது வீண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டொக்டர்கள் ஏன் தயங்குகிறார்கள்? நோயாளி கோபித்துக்கொள்வார், வேறு டொக்டரிடம் போய்விடுவார் என்ற பயம்தான் பெரிய காரணம். 2019இல் 11 நாடுகளில் 14,000க்கும் மேற்பட்ட உடற்பருமன் உள்ளவர்களிடமும் 2,700க்கும் மேற்பட்ட மருத்துவத் துறையினரிடமும் கேட்ட ஓர் ஆய்வு உண்டு. நோயாளிகளுக்கு நிறை குறைப்பதில் அக்கறை இல்லை என்று மருத்துவத் துறையினரில் 71 சதவீதம் பேர் நம்பினார்கள். அக்கறை இல்லை என்று தாமே சொன்ன நோயாளிகள் 7 சதவீதம். பேச்சை டொக்டரே தொடங்க வேண்டும் என்று விரும்பியோர் 68 சதவீதம். நிறையோடு போராடத் தொடங்கி அதை முதன்முதலாக மருத்துவரிடம் பேசும்வரை சராசரியாக ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன. இந்த ஆய்வுக்குக் காசு கொடுத்தது எடை குறைக்கும் ஊசி விற்கும் நோவோ நோர்டிஸ்க் கம்பனி என்பதை வாசகர் மனதில் வைக்க வேண்டும். இருந்தாலும் அந்த இடைவெளி கற்பனை என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. நம்மூரில் அது ஆறு ஆண்டாக அல்லாமல், முதல் மாரடைப்பு வரை நீளும் போலத்தான் இருக்கிறது.

கம்பனிக் காசு படாத சான்று ஒக்ஸ்ஃபோர்ட்டிலிருந்து வந்தது. போல் அவெயார்டும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட சோதனையில் இங்கிலாந்தின் 137 குடும்ப மருத்துவர்களும் 1,882 நோயாளிகளும் பங்கெடுத்தார்கள். நோயாளிகள் வந்தது வேறு ஏதோ வருத்தத்துக்கு. பார்வை முடியும் நேரத்தில் டொக்டர் முப்பது விநாடி பேசுவார். ஒரு பாதிப் பேருக்கு, நிறை குறைந்தால் உடம்புக்கு நல்லது என்ற அறிவுரை மட்டும். மறு பாதிக்கு, கிழமைக்கு ஒருமுறை கூடும் இலவசக் குழு ஒன்று இருக்கிறது, இப்போதே பதிந்து தரவா, நாலு கிழமையில் என்னை வந்து பாருங்கள் என்று ஒரு வழி. ஓராண்டு கழித்து முதல் குழுவினர் சராசரியாக ஒரு கிலோவும் இரண்டாம் குழுவினர் 2.4 கிலோவும் குறைந்திருந்தார்கள். டொக்டர் பேசியது தகாதது, உதவாதது என்று சொன்னவர்கள் நாலே பேர்.

2.4 கிலோ பெரிய சாதனை என்று நான் சொல்ல மாட்டேன். முப்பது விநாடிக்கு அது மலிவு, அவ்வளவே. அந்தச் சோதனையில் எனக்குப் பட்ட முக்கியமான சங்கதி வேறு. கனிவான வார்த்தையைவிட, போக ஓர் இடம் இருந்ததுதான் வேலை செய்தது. வெள்ளவத்தை டொக்டர் எங்கே அனுப்புவார்?

இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தொற்றா நோய்களை நேரத்தோடு கண்டுபிடிக்க 2011 தொடக்கம் அரசு ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை நடத்துகிறது. நிறை, இடுப்பு, பிறஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு 1996இலிருந்து சுகப் பெண்கள் கிளினிக் உண்டு. கர்ப்பிணியின் நிறையையும் உயரத்தையும் முதல் வருகையிலேயே மருத்துவ மாது கொப்பியில் பதிகிறார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வைத்த உடம்பைப் பற்றிப் பேச அதைவிட நல்ல தருணம் இல்லை, பேசுகிறவர்தான் குறைவு. ஆண்களை ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களுக்கு வரவைப்பது தொடக்கத்திலிருந்தே சிரமம். கொட்டாஞ்சேனையிலிருந்து விடியப்புறம் புறக்கோட்டைக்குப் போகும் நாட்டாமியும் துறைமுகத் தொழிலாளியும் வேலை நாளில் அரை நாளை இழந்து வருத்தமில்லாத உடம்பைக் காட்ட வரமாட்டார்கள். தனியார் டிஸ்பென்சரியிலிருந்து இந்த நிலையங்களுக்குத் துண்டு எழுதி அனுப்பும் வழக்கமும் அரிது. அரச வைத்தியமும் காசு வைத்தியமும் ஒரே நோயாளியை இரண்டு கதவால் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே பாரம் மறுபடியும் டொக்டரின் அறைக்குள்தான் வந்து விழுகிறது. அங்கே நடக்கும் பேச்சைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். இராமகிருஷ்ண வீதிப் பக்கம் மாடிவீட்டில் இருக்கும் ஐம்பது வயது தாண்டிய அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் நோவு, சீனி. "உடம்பைக் குறையுங்கோ" என்ற உடனே, "நான் என்னத்தைச் சாப்பிடுறன் டொக்டர், காக்காய்க்கு வைக்கிற அளவு" என்பார். இந்த இடத்தில் "பொய் சொல்லாதேங்கோ" என்கிற டொக்டரும் உண்டு, கொப்பியை மூடிவிடுகிற டொக்டரும் உண்டு. இருவரும் நோயாளியை இழக்கிறார்கள்.

வேறு விதமாகவும் தொடங்கலாம்.

"அம்மா, உங்கட நிறையைப் பற்றிக் கொஞ்சம் கதைச்சால் பரவாயில்லையே?"

"கதையுங்கோவன்."

"நேற்றுக் காலமை எழும்பினதில இருந்து ஒரு நாளைச் சொல்லுங்கோ பாப்பம்."

அப்போதுதான் நாள் விரியும். எழும்பின உடனே பால் தேத்தண்ணி. காலமை இடியப்பமும் சொதியும் சம்பலும். பத்து மணிக்குப் பிளேன்ரீயும் பிஸ்கட்டும். மத்தியானம் சோறு. பின்னேரம் யாரோ வந்தார்கள், கீழே கடையில் ரோல்ஸும் கட்லட்டும் வாங்கினது. இரவு மகன் பாதியில் விட்ட கொத்து, "எறிய மனமில்லை டொக்டர்." அந்தக் கடைசி வரியில் ஒரு முழு வரலாறு இருக்கிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்காலத்தைக் கண்டு, சாமான் வாங்க வரிசையில் நின்று, பிறகு பிள்ளைகளோடு கொழும்புக்கு வந்து மாடிவீட்டுக்குள் அடைபட்ட தலைமுறை அது. சோற்றை எறி என்று அவரிடம் சொல்வது உணவியல் ஆலோசனையாக அவர் காதில் விழாது. குறைவாகச் சமையுங்கள், மிஞ்சினால் மறுநாளைக்குக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள் என்றால் விழும்.

"இதில எதை மாத்துறது உங்களுக்கு லேசு?" என்று கேட்டுவிட்டு டொக்டர் பேசாமல் இருக்க வேண்டும். மௌனம் அவருக்குக் கஷ்டமான வைத்தியம். வில்லியம் மில்லர் 1983இல் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்காக எழுதத் தொடங்கி, பிறகு ஸ்டீவன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த உரையாடல் முறையின் சாரமும் இதுதான்: மாற வேண்டிய காரணத்தை டொக்டர் அடுக்காமல் நோயாளியின் வாயால் வரவைப்பது. அந்த அம்மா தேத்தண்ணிச் சீனியைத் தெரிந்தெடுக்கலாம். நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் கிட்டத்தட்ட 40 கிராம். 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னதை அது தேத்தண்ணியிலேயே தாண்டிவிடுகிறது. ஒன்றைத்தான் தெரிந்தெடுக்க வேண்டும், நாலு கிழமைக்குத் திகதி போட வேண்டும், கொப்பியில் எழுத வேண்டும். அச்சடித்த உணவு அட்டவணையில் ஓட்ஸும் அப்பிளும் ஒலிவ் எண்ணெயும் இருந்தால் அது குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தோடு தொங்குமே தவிர வயிற்றுக்குள் போகாது. தவிட்டுச் சிவப்பரிசியும் குரக்கன் பிட்டும் நல்லவைதான். ஆனால் "சிவப்பரிசி தானே" என்று கோப்பையில் கோபுரம் கட்டுவதைக் கண்டும் காணாமல் விடக்கூடாது.

சமையல் யார் கையில் என்று கேட்காத ஆலோசனை அரை ஆலோசனை. வெள்ளவத்தையில் சீனி வருத்தம் மாமனாருக்கு, அடுப்பு மருமகள் கையில், சாமான் வாங்குவது மகன். கொட்டாஞ்சேனையில் வேறு கதை. ஜம்பட்டா வீதிப் பக்கம் அறையெடுத்து இருப்பவருக்கு வீட்டில் அடுப்பே இல்லாமல் இருக்கலாம். மூன்று வேளையும் கடைச் சோற்றுப் பார்சலும் பராட்டாவும். அவருக்குச் சொல்லக்கூடியது, சோற்றில் மூன்றில் ஒன்றைக் குறைத்துப் பருப்பும் கீரை வறையும் கூட்டிப் போடச் சொல்லுங்கள், சோடாவை விட்டுத் தண்ணீர் குடியுங்கள் என்பது போன்ற கடைவாசல் ஆலோசனைதான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மீனும் முட்டையும் விலையேறி, வயிற்றை நிரப்பச் சோறே மிஞ்சிய வீடுகள் உண்டு. அங்கே கொழுப்பு என்பது வசதியின் அடையாளம் என்று எண்ணுவது பிழை.

பழி சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளிக்கு மனத்திடம் இல்லை என்பது டொக்டர்களிடமும் ஊறிப்போன எண்ணம். 2011இல் மெல்பேர்ணில் பிரியா சுமித்திரனும் சகாக்களும் 50 பேரைப் பத்துக் கிழமை கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்துப் பார்த்தார்கள். நிறை நன்றாகக் குறைந்தது. ஆனால் பசியைத் தூண்டும் ஹோர்மோன்கள் ஓராண்டு கழிந்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசி கூடியே இருந்தது. உடம்பு இழந்ததைத் திருப்பிப் பிடிக்கப் பார்க்கிறது. மெலிந்து மறுபடி வைத்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், தோளிலிருந்து பாதிப் பாரம் இறங்கியது முகத்தில் தெரியும். திட்டினால் கிடைப்பது ஒன்றுதான்: அடுத்த கிளினிக்குக்கு ஆள் வராது.

தராசு ஒன்றையே தெய்வமாக்குவதிலும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த நீரிழிவுத் தடுப்புச் சோதனை, ஏழு சதவீத நிறைக் குறைப்பும் கிழமைக்கு 150 நிமிட நடையும் என்ற இலக்கோடு நீரிழிவு வருவதை 58 சதவீதம் குறைத்தது. அந்தக் கணக்கை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நமக்குக் கிட்டவான சான்று சென்னையில் இருக்கிறது. மருத்துவர் அம்பாடி இராமச்சந்திரனின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேர். மூன்றாண்டில் வெறும் பொது அறிவுரை பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவும் நடையும் சொல்லிக் கொடுத்து விடாமல் பின்தொடரப்பட்டவர்களில் 39 சதவீதம். இவர்களுடைய நிறை சொல்லும்படியாகக் குறையவே இல்லை! நிறை அசையாமலே நோய் தள்ளிப்போனது. அப்படியிருக்க, நாலு கிழமை நடந்துவிட்டு வந்தவரைத் தராசில் ஏற்றி "ஒண்டும் குறையேல்லையே" என்று உதட்டைப் பிதுக்கும் டொக்டர் எதைக் குலைக்கிறார் என்று யோசிக்க வேண்டும். கொழும்பிலேயே 5 முதல் 40 வயது வரையானோரோடு மகேன் விஜேசூரியவின் குழு நடத்திய ஆய்வில், ஆண்டுக்கு ஒருமுறை ஆலோசனை பெற்றவர்களைவிட மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெற்றவர்களுக்குப் பலன் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தது. திரும்பத் திரும்பச் சந்திப்பதுதான் மருந்து.

நடப்பதற்கு வெள்ளவத்தைக்காரருக்கு மரைன் டிரைவ் இருக்கிறது, கால்வாய்க் கரை இருக்கிறது. கொட்டாஞ்சேனைக்குச் சுகததாச விளையாட்டரங்கப் பக்கம், கொஞ்சம் தள்ளிக் காக்கைதீவுக் கடற்கரை. வெயிலுக்கு முன்னே போக வேண்டும். அந்த நேரம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம். முழங்கால் நோகிறவருக்கு நடை சொல்லும் முன் முழங்காலைப் பாருங்கள் என்பதோடு இதை விடலாம்.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றிப் பேசாமல் இப்போது யாரும் தப்ப முடியாது. வெளிநாட்டுச் சொந்தங்கள் மெலிந்த படங்களை அனுப்பியதும் கேள்வி டொக்டரின் மேசைக்கு வந்துவிடுகிறது. 2021இல் வெளிவந்த சோதனையில் செமாகுளுட்டைட் ஊசி 68 கிழமையில் சராசரியாக 15 சதவீதம் நிறையைக் குறைத்தது. ஊசியை நிறுத்தியவர்களுக்கு இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியது. இந்த இரண்டாவது பாதியை முதலிலேயே சொல்வது டொக்டரின் கடமை. மாதாமாதம் கைக்காசில் வாங்கும் ஊரில், எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கணக்கும் வைத்தியத்தில் ஒரு பகுதி. திறக்காத பேனையைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். சூட்கேசுக்குள் சேலையோடு சேர்ந்து வந்த மருந்தை நம்ப முடியாது. ஆனால் ஊசி கேட்பவரைச் சோம்பேறி என்று ஏளனம் செய்வதும் கூடாது. பிறஷருக்குக் குளிசை கேட்பவரை அப்படிச் சொல்கிறோமா? நிறை குறைக்கும் சத்திரசிகிச்சையும் அப்படித்தான். ஆசியர்களுக்கு 27.5 சுட்டியிலிருந்தே அதை யோசிக்கலாம் என்று 2022இல் சர்வதேசச் சங்கங்கள் சொல்லிவிட்டன. இங்கே அதைக் கடைசி வாசல் என்றே பலரும் நினைக்கிறார்கள்.

நீரிழிவு வந்துவிட்டவருக்கு நம்பிக்கை கொடுக்க ஒரு சான்று உண்டு. பிரித்தானியாவில் 306 பேரோடு நடந்து 2018இல் வெளிவந்த சோதனையில், மாதக்கணக்கில் மாற்று உணவு கொடுத்து நிறையைக் குறைத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மருந்தில்லாமலே சீனி கட்டுக்குள் வந்தது. 15 கிலோவுக்கு மேல் இழந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. "இது ஆயுளுக்கும்" என்ற தீர்ப்பை மட்டும் கேட்டுப் பழகியவர் நிமிர்ந்து உட்காரும் செய்தி இது. மருந்தை டொக்டரின் கண்காணிப்பில் குறைக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் அனுப்பினால் சீனி இறங்கி மயங்கி விழலாம்.

அரசும் தன் பங்குக்குச் சில செய்தது. 2016இல் மென்பான போத்தல்களில் சீனி அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் வந்தது. 2017 இறுதியில் வந்த, 2018க்கான வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரி வந்தது. 2018 முடிவதற்குள் அது குறைக்கப்பட்டது. போத்தலைத் திருப்பி நிறத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கப் பத்து விநாடி போதும்.

அமைச்சைக் காத்திராமல் டிஸ்பென்சரியிலேயே மாற்றக்கூடியவை பல. தராசு வரவேற்பறையில் இருக்கிறது. தாதி எண்ணை உரத்துச் சொல்ல, வாங்கில் இருக்கும் பத்துப் பேரும் கேட்கிறார்கள். அவர்களில் ஒருவர் நிச்சயம் தெரிந்தவர், இது வெள்ளவத்தை. தராசைத் திரைக்கு உள்ளே தள்ளலாம். கைப்பிடி வைத்த ஒடுங்கிய கதிரைகளில் இரண்டை எடுத்துவிட்டு வாங்கு போடலாம். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் பிறஷர் கூடக் காட்டும், இல்லாத வருத்தத்துக்குக் குளிசை எழுதப்படும். பெரிய பட்டி ஒன்று வாங்கி வைக்கலாம். சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டரிடம் பேத்தியை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப்போகும் ஆச்சி, பேத்திக்கு முன்னால் தன் களவுச் சாப்பாட்டைச் சொல்ல மாட்டார். தமிழ் தெரிந்த தாதி ஒருவரை அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் பக்கத்தில் இருத்தினால் போதும்.

பிறகு அந்த நாலு கிழமைத் திகதி. அதைத் தவறவிடுபவர்களில் பலர் மறந்தவர்கள் இல்லை. தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் சாப்பிட்டு நிறை கூடிவிட்டது, எந்த முகத்தோடு போவது என்று நிற்பவர்கள். அவர்களை அழைத்து, "நிறை பார்க்காட்டியும் பரவாயில்லை, சும்மா வந்து டொக்டரைக் கண்டிட்டுப் போங்கோ" என்று சொல்ல ஒரு தாதியும் ஒரு தொலைபேசியும் வேண்டும். சம்பளப் பட்டியலில் அந்த வேலைக்கு எந்த டிஸ்பென்சரியும் இன்னும் பெயர் வைக்கவில்லை.